ஊசி போடாத டாக்டரும் கேஸ் போடாத மெக்கானிக்கும்

நம்ம ஊரில் ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்து, நாக்கைப் பார்த்து, முதுகில் வைத்துக் கேட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு நாள் கஞ்சி குடி" என்று அனுப்பினால், வெளியே வந்ததும் "என்னா டாக்டர் இவரு, சும்மா பாத்துட்டு காசு வாங்கிட்டாரு" என்பார்கள். அடுத்த தெருவில் போனவுடன் ஒரு குத்து குத்தி அனுப்புகிறவர்தான் கைராசிக்காரர்.

ஏசி மெக்கானிக் விஷயத்திலும் நாம் இதையேதான் செய்கிறோம் என்பது என் கட்சி. அங்கே ஊசி, இங்கே கேஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது வணிகவியல். மெக்கானிகல் மாணவர்கள் கல் எறியும் முன் முழுசாகப் படித்துவிட்டு எறியவும் :-) )

எங்கள் வீடு வைத்திக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டில் ஒரே ஒரு ஏசி. ஆயாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம், அவர் ராத்திரி தூங்க வேண்டும் என்பதற்காக அவர் அறையில் போட்டது. ஒன்றரை டன், பழைய வகை, அதாவது இன்வெர்ட்டர் இல்லாதது. ஏழெட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தோம், அது ஒழுங்காக ஓடவே இல்லை. மாடியில் இருக்கும் வெளிப்பெட்டி 'டக்' என்று கிளம்பும், கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று நின்றுவிடும், மறுபடி கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் கூடத்து விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும். "இது எதுக்குடா பொழுதுக்கும் லொட்டு லொட்டுன்னு நின்னு நின்னு போவுது?" என்று ஆயா தினமும் கேட்பார்.

ஒரு மெக்கானிக் வந்தார். ஏசியைப் போட்டார், கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார், மாடிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். மொத்தம் ஐந்து நிமிஷம். "தம்பி, கேஸ் கம்மியா இருக்கு. போட்டுட்டா சரியாயிடும்." விலை சொன்னார். அப்பா மாதச் சம்பளத்தை மனசுக்குள் கூட்டிக் கழிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டோம். அந்த ஒரு வாரம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இந்த அடிக்கடி நின்று ஓடுகிற வியாதி ஏசிக்கு மட்டும் உள்ளதல்ல. கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கும் நம் தமிழர்கள் வீட்டு நிலவறையில் கேஸில் எரிகிற ஃபர்னஸ் ஒன்று இருக்கும். அது காற்றைச் சூடாக்கும், ஊதுவிசிறி அதை வீடு முழுக்கத் தள்ளும். வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்று போதுமான அளவு போகாது, உள்ளே சூடு ஏறும், பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைக்கும், விசிறி மட்டும் ஓடும், ஆறியதும் மறுபடி எரியும். அங்கேயும் இந்த லொட்டு லொட்டுதான். இன்னொரு பழுதும் அங்கே சகஜம். நெருப்பு எரிகிறதா என்று உணர்கிற ஒரு மெல்லிய கம்பியில் கறை படிந்துவிட்டால், எரிந்த சில நொடியிலேயே அணைந்துவிடும். அந்தக் கம்பியை நைஸான இரும்பு நாரால் துடைத்தால் போதும். துடைக்காமல் விலை உயர்ந்த மின்பலகையை மாற்றச் சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, நம்ம ஏசிக்கு வருவோம். கொஞ்சம் அடிப்படை.

ஏசி நின்று ஓடுவதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பில்லை. நீங்கள் 24 என்று வைத்தால், அது சரியாக 24-லேயே நிற்காது. கொஞ்சம் கீழே போனதும் கம்ப்ரஸரை நிறுத்தும், கொஞ்சம் மேலே ஏறியதும் மறுபடி போடும். இந்த இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ரொம்பத் துல்லியமான ஒரு தெர்மோஸ்டாட்டை வைத்தால் நிமிஷத்துக்கு ஒரு முறை போட்டு அணைத்துக் கம்ப்ரஸரைக் கொன்றுவிடும். கொஞ்சம் சோம்பேறியாக இருப்பதுதான் அதன் வேலை. 1883-ல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்கிற பேராசிரியர் மின்சாரத்தில் வேலை செய்யும் அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வகுப்பறைக்குள் ஊழியர் வந்து வந்து சூடு பார்த்துப் போவது அவருக்குத் தொல்லையாக இருந்ததாம். வகுப்பு நடக்கும்போது கதவைத் திறந்தால் எரிச்சலாகிற வாத்தியார் அப்போதும் இருந்திருக்கிறார்.

ஆக, கேள்வி 'நிற்கிறதா' என்பதல்ல, 'எத்தனை நிமிஷம் ஓடி நிற்கிறது' என்பது. பத்து பதினைந்து நிமிஷம் ஓடி, அதே மாதிரி கொஞ்சம் ஓய்வெடுத்தால் மணிக்கு மூன்று தடவை வரும். அது ஆரோக்கியம். மூன்று நான்கு நிமிஷம் ஓடி நின்றால் அது நோயின் அறிகுறி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கம்ப்ரஸர் மோட்டார் ஓடுகிறபோது எடுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை ஒரு நொடி இழுக்கிறது. கூடத்து விளக்கு கண் சிமிட்டியது அதனால்தான். உள்ளே மசகு எண்ணெய் முழுசாகச் சுற்றி வருவதற்குள் நின்றுவிட்டால் தேய்மானமும் கூடும்.

மெக்கானிக் போன அன்று ராத்திரி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆயா அறையில் உட்கார்ந்தேன். 10.05 ஓடியது. 10.09 நின்றது. 10.13 ஓடியது. 10.17 நின்றது. இப்படியே பதினொன்றரை வரை. எட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை, அதாவது ராத்திரி எட்டு மணி நேரத்தில் அறுபது தடவை. ஆரோக்கியமான ஏசி இருபத்து நாலு தடவை கிளம்பும் இடத்தில் அறுபது.

ஆனால் அந்த நோட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அறை குளிர்ந்துதான் இருந்தது. ஆயா போர்வையை இழுத்துக்கொண்டார்.

இங்கேதான் இடித்தது. கேஸ் கம்மியானால் குளிர்ச்சி கம்மியாகும். குளிர்ச்சி கம்மியானால் தெர்மோஸ்டாட் கேட்கிற அளவை எட்டவே முடியாது. எட்ட முடியாவிட்டால் ஏசி நிற்காது! எங்களுடையதைப் போன்ற சாதாரண வீட்டு ஏசி கேஸ் குறைந்தால் பெரும்பாலும் இடைவிடாமல் ஓடும், அறை குளிராது, கரண்ட் பில் ஏறும், உள்ளே இருக்கும் சுருளின் ஒரு பக்கம் மட்டும் பனி கட்டும். ரொம்பவே குறைந்துபோனால் கம்ப்ரஸர் சூடாகி நிற்கும், அது உண்மை. ஆனால் அப்போது அறையில் போர்வை தேவைப்படாது. சட்டையைக் கழற்றிவிட்டு விசிறியைத் தேட வேண்டியிருக்கும்.

அறையும் குளிர்கிறது, நாலு நிமிஷத்தில் நிற்கவும் செய்கிறது என்றால் அது கேஸ் கம்மி என்ற பேச்சுக்கே எதிரான சாட்சி. இதைப் புரிந்துகொள்ள ஐ.டி.ஐ. போக வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் குளிர்சாதனத் தொழில் படித்தவருக்கு இது எனக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும். அதைப் பற்றிப் பிறகு.

எனக்கு இன்னொரு சாட்சியும் நினைவுக்கு வந்தது. மாசி மகம். தெரியாதவர்களுக்கு: மாசி மகத்தன்று மயிலம், திண்டிவனம், தீவனூர் என்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் எங்கள் வைத்திக்குப்பம் கடலுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வரும். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கால் வைக்க இடமிருக்காது. வெயிலில் வந்த பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினோரு பேர் ஆயா அறையில் அடைந்து கிடந்தார்கள். அன்று அந்த ஏசி அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது, அறையும் சில்லென்று இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறார். பதினோரு பேர் என்றால் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்ட மாதிரி. அதையும் சேர்த்துக் குளிர்வித்த ஒரு மெஷினுக்குக் கேஸ் கம்மி என்று எப்படிச் சொல்வது? அதற்கு வேலை போதவில்லை. வேலை கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது.

அறை ஒன்பதுக்குப் பத்தடி. தொண்ணூறு சதுர அடி. அதற்கு ஒன்றரை டன்.

'டன்' என்பது ஏசியின் எடை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது என்ன என்று கேட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விழித்தார்கள். மெஷின் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றால் ஐஸ்தான். கப்பலில் அமெரிக்காவிலிருந்து ஐஸ் கொண்டுவந்து விற்றார்கள். சென்னையில் கடற்கரையோரம் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அந்த ஐஸ் வைக்கக் கட்டியதுதான். மெஷின் வந்தபோது, 'ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸ் கரைகிற அளவுக்குச் சூட்டை எடுக்கும்' என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு டன் ஏசி என்றால் 24 மணி நேரத்தில் 907 கிலோ ஐஸ் கரைவதற்குச் சமம். ஒன்றரை டன் என்றால் 1,360 கிலோ. படகுக்கு ஐஸ் ஏற்றிப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தனை ஐஸை ஒன்பதுக்குப் பத்து அறைக்குள் கொட்டியிருக்கிறோம். கடையில் "ஒரு டன் போதும்" என்று சொன்னால் நம் ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சல். "ஒன்றரையே எடுத்துக்கங்க சார், சீக்கிரம் கூலாவும்" என்றால் சந்தோஷம். சீக்கிரம் கூலாகும் என்பது உண்மைதான். சீக்கிரம் கூலாவதுதான் இங்கே வியாதியே.

சீக்கிரம் குளிர்ந்தால் நல்லதுதானே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோரத்தில் நம்மைக் கொல்வது சூடு மட்டும் இல்லை, புழுக்கம். 1902-ல் வில்லிஸ் கேரியர் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத் தன் முதல் மெஷினை வடிவமைத்தபோது, அது ஆட்களுக்காக இல்லை, காகிதத்துக்காக. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு தள்ளித் தள்ளி விழுந்தது. அந்த ஈரத்தைப் பிடிப்பதுதான் அவர் நோக்கம். நம் ஏசியும் அந்த வேலையைச் செய்கிறது, ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். ஓட ஆரம்பித்த முதல் சில நிமிஷம் ஈரம் சுருளின் தகடுகளில் படியும். தகடு நனைந்து நிறைந்த பிறகுதான் சொட்டி, குழாய் வழியே வெளியே போகும். நாலு நிமிஷத்தில் நிறுத்திவிட்டால்? விசிறி மட்டும் ஓடி, படிந்த ஈரத்தை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். ஆயா ஏசி அறையில் படுத்துக்கொண்டு தலையணை ஈரமாக இருக்கிறது என்றபோது நாங்கள் வயசானவர் புலம்பல் என்று சிரித்தோம். அவர் சொன்னது அப்படியே பௌதிகம்.

இதற்கு ஒரு சுலபமான பரிசோதனை உண்டு, கருவி எதுவும் வேண்டாம். மே மாதத்தில் உங்கள் ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட் வையுங்கள். கடலோர ஊரில் ராத்திரி முழுக்க ஓடிய ஏசி நல்ல அளவு தண்ணீர் விட வேண்டும். எங்கள் பக்கெட்டில் காலையில் இரண்டு சொம்பு கூட இல்லை.

அடுத்து பீரோ. ஏசிக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி, ஆயாவின் இரும்பு பீரோ. அம்மா வீட்டுச் சீதனம், அதை யாரும் நகர்த்தியதில்லை. இந்த வகை ஏசி காற்றை மேல்பக்கமாக உள்ளே இழுத்து, கீழ்ப்பக்கமாக வெளியே விடும். அறையின் சூட்டை அளக்கிற சின்ன உணரி, இழுக்கிற பக்கம் வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும். வெளியே வந்த குளிர்காற்று பீரோவில் மோதி, மேலே எழும்பி, நேராக அந்த உணரிக்கே திரும்பிப் போனது. அறை 28-ல் இருக்கும்போதே அது "ஆகா, 24 வந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டுவிடும். பாவம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. அதன் மூக்குக்கு எதிரே இருந்த காற்றை அது சரியாகத்தான் அளந்தது.

பீரோவைப் பக்கச் சுவருக்கு நகர்த்த அப்பா, நான், பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று பேர். காற்றின் தகட்டைக் கீழ்நோக்கித் திருப்பினோம். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம். அன்று ராத்திரி நோட்டு சொன்னது: ஓட்டம் ஒன்பது நிமிஷம், ஓய்வு எட்டு நிமிஷம். அதற்கு மேல் நீட்ட, பக்கத்து அறைக் கதவைத் திறந்து வைத்தோம். என் அறையும் கொஞ்சம் குளிர்ந்தது, அதாவது ஏசிக்கு அதன் டன்னுக்குத் தகுந்த வேலை கிடைத்தது. (இந்தத் தீர்வில் எனக்குச் சுயநலம் இருந்ததாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மறுக்கிறேன். ஹி ஹி.) கேஸ் போடவில்லை. செலவு, அண்ணனுக்கு ஒரு டீ.

எல்லார் வீட்டிலும் பீரோதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் "கேஸ் கம்மி" என்பதற்கும் "பீரோ" என்பதற்கும் என்ன வித்தியாசம்? எங்கள் தெரு முனை வீட்டில் இதே லொட்டு, ஆனால் வேறு மாதிரி. அங்கே அறை குளிரவே இல்லை. பத்து நிமிஷம் ஓடும், பிறகு அரை மணி நேரம் செத்துக் கிடக்கும். கம்ப்ரஸர் தலையில் ஒரு பாதுகாப்புத் தட்டு இருக்கும், அதிகச் சூடானால் அது மின்சாரத்தை வெட்டிவிடும். மெதுவாக ஆறும், மெதுவாகவே மறுபடி சேரும். அதனால்தான் அத்தனை நீண்ட ஓய்வு. மாடிக்குப் போய்ப் பார்த்தால் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் கையால் தொட்டால் உதிர்ந்தன, வெள்ளைப் பொடியாக.

வைத்திக்குப்பத்தில் இதைப் பற்றிப் பேசாமல் ஏசி பற்றிப் பேச முடியாது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டிய பிறகு, வடக்கே இருக்கும் எங்கள் கரைக்கு மணல் வருவது நின்று கடல் உள்ளே வந்தது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல். அலை கல்லில் மோதிச் சிதறும்போது கிளம்புகிற உப்புச் சாரல் காற்றோடு மாடி மாடியாகப் போய் உட்காரும். வெளிப்பெட்டியில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவே உப்பு ஈரம் வந்தால் அது ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அதில் கரைந்து போவது அலுமினியம். தகடு போனால் சூடு வெளியேறாது. சூடு வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கொதிக்கும், தட்டு வெட்டும். அந்த வீட்டில் இரண்டு வருஷத்தில் மூன்று முறை கேஸ் போட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் யாரும் தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

மூன்றாவது மாதிரியும் உண்டு. 'உம்ம்ம்' என்று ஒரு முனகல், ஐந்தாறு நொடியில் 'டக்', குளிர்ச்சியே இல்லை. இது பெரும்பாலும் கெபாசிட்டர் பலவீனம், அல்லது சாயங்காலத்தில் எல்லா வீட்டிலும் போடும்போது விழுகிற வோல்டேஜ். ஸ்டெபிலைசரின் முகத்தில் எண் காட்டும், அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மூன்று வீடு, மூன்று தாளம், மூன்று நோய். மூன்றுக்கும் ஒரே மருந்து சொன்னால் என்ன அர்த்தம்?

இந்த இடத்தில் மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. மே மாதத்தில் அவர் ஒரு நாளைக்கு ஏழெட்டு மாடி ஏறுகிறார். வெயிலில் சுடுகிற தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வேலை. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தாளம் கேட்டு, "பீரோவை நகர்த்துங்க" என்று சொன்னால் நாம் என்ன கொடுப்போம்? "சரிண்ணே, தேங்க்ஸ்ணே." மிஞ்சிப் போனால் நூறு ரூபாய், அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அதே ஆள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஐந்து நிமிஷம் புஸ் என்று விட்டால் சில ஆயிரத்தைச் சத்தமில்லாமல் எண்ணிக் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத்தான் நம்மிடம் விலை. கண்டுபிடிப்பதற்கு விலை இல்லை. அவர் வீட்டிலும் அரிசி வாங்க வேண்டும். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் விற்பார்.

"அதெல்லாம் சரி, கேஸ் போட்டால் நிஜமாகவே கொஞ்ச நாள் நன்றாக ஓடுகிறதே" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. கேஸ் போட வருகிறவர் வடிகட்டியைக் கழுவுகிறார், வெளிப்பெட்டிக்குத் தண்ணீர் அடிக்கிறார், வயர் முனைகளை இறுக்குகிறார். பாதி குணம் அதில் கிடைத்துவிடும், பெயர் கேஸுக்குப் போகும். நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால்? அப்போதும் ஒரு விஷயம். ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, எரிந்து தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தது என்றால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. முறையாகச் செய்வதென்றால் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கடைசியில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் போட்ட கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். தராசு கொண்டுவந்த மெக்கானிக்கை உங்கள் தெருவில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

தப்பிய கேஸ் எங்கே போகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 ஒரு கிலோ வெளியே போனால், நூறு ஆண்டுக் கணக்கில், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைப் பூமியில் பிடித்துவைக்கும். ஓசோனையும் அரிக்கும், அதனால்தான் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அது படிப்படியாக விலக்கப்படுகிறது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் சூட்டில் சுமார் 2,090 மடங்கு. இப்போது பரவலாக வரும் ஆர்-32 சுமார் 675 மடங்கு. இவற்றைக் குறைக்கத்தான் கிகாலி திருத்தம், இந்தியாவும் 2021-ல் அதை ஏற்றது. டெல்லியில் கையெழுத்துப் போடுவது ஒரு பக்கம். மாடியில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஓட்டைக் குழாயை நிரப்பிக்கொண்டே இருப்பது மறுபக்கம். அதுவும் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கும் ஒரு குப்பத்தில் இருந்துகொண்டு.

"இன்வெர்ட்டர் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே" என்று சொல்வார்கள். ஓரளவு சரி. அது நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடும். ஆனால் அதற்கும் இதற்குமேல் மெதுவாக ஓட முடியாது என்று ஓர் எல்லை இருக்கிறது. தொண்ணூறு சதுர அடிக்கு இரண்டு டன் வாங்கிப் போட்டால் அதுவும் நிற்கும். கடல் உப்பு அதன் தகட்டையும் தின்னும், கூடவே உள்ளே இருக்கும் மின்பலகையையும். அந்தப் பலகைக்குள் பல்லி புகுந்து செத்து, ஷார்ட் ஆகிப் போன கதையை எங்கள் பக்கம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே, "அண்ணே, வந்து பார்த்துச் சொல்றதுக்கு எவ்ளோ?" என்று கேளுங்கள். எந்தப் பொருளும் மாற்றாவிட்டாலும் அந்தத் தொகையை அவர் கையில் கொடுங்கள். அவர் வருவதற்கு முன்பே உங்கள் நோட்டு தயாராக இருக்கட்டும்: எத்தனை நிமிஷம் ஓடுகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது, நிற்கும்போது அறை குளிர்ந்திருக்கிறதா இல்லையா, பக்கெட்டில் எவ்வளவு தண்ணீர், ஸ்டெபிலைசரில் என்ன எண். இதைக் கையில் கொடுத்தால் தெரிந்த மெக்கானிக் கண் மலர்ந்து படிப்பார். "அதெல்லாம் வேணாம் தம்பி, கேஸ்தான்" என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிறவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்த அதே மெக்கானிக்கை இரண்டு வாரம் கழித்து அப்பா மறுபடி கூப்பிட்டார், வெளிப்பெட்டியைக் கழுவித் தர. நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "பீரோவா?" என்று ஒரு முறை சுவரைப் பார்த்தார், பீரோ இருந்த இடத்தில் தரையில் கறை மட்டும் இருந்தது. பிறகு மாடிக்குப் போனவர் முக்கால் மணி நேரம் கீழே இறங்கவில்லை. பெட்டி கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவர் ஓரமாக இருக்கிறது, அதை மேற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றினால் சாரல் நேராக அடிக்காது, குழாய் இன்னும் ஆறடி வேண்டும் என்று அளந்து சொன்னார். எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. பார்த்ததற்கு அப்பா முந்நூறு கொடுத்தார். "எதுக்கு சார், ஒண்ணும் பண்ணலையே" என்று தயங்கித் தயங்கித்தான் வாங்கினார்.

பி.கு: மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு வெளிப்பெட்டியை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், கடலோரத்து ஆட்கள் கட்டாயம். அழுத்தமாகப் பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிவிடும், பூவாளியே போதும். மின் இணைப்புப் பக்கத்து மூடியில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு போடுங்கள்.